புதுச் சொகுசுக் காரில் ஆரம்பத்திலேயே கோளாறா? ஜாப் கார்டிலிருந்து தொடங்குங்கள்

கார் வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பானெட்டில் வைத்த சந்தனப் பொட்டுகூட முழுதாக அழியவில்லை. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில், விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டிய சிறிது நேரத்தில் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. கியர் மூன்றிலேயே நின்றுவிட்டது. 64 லட்சம் ரூபாய் வண்டி நாற்பதைத் தாண்ட மறுத்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அடுத்த ஐந்து மாதங்களில் அந்தக் கார் நான்கு முறை பணிமனைக்குப் போனது. மொத்தம் 37 நாள் அங்கேயே கிடந்தது. அதில் பாதி நாளாவது என்னுடைய அறியாமைக்கு நான் கொடுத்த விலை. அந்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரையும் டீலரின் பெயரையும் சொல்லப் போவதில்லை. எந்த வண்டியானாலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

1. விளக்கு எரிந்ததும் படம் எடுங்கள், அப்புறம் அணையுங்கள்

வண்டியை ஓரங்கட்டியதும் நம் கை தானாகவே இன்ஜினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யப் போகும். நானும் அதைத்தான் செய்தேன். எச்சரிக்கை மறைந்தது, கியர் சரியானது, நானும் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். கையில் ஒரு சான்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பணிமனையில் சொன்னபோது, “இப்போது நன்றாகத்தானே ஓடுகிறது, சார்?” என்று கேட்டார்கள்.

எனவே முதலில் கைபேசியை எடுங்கள். எச்சரிக்கை வாசகமும் ஓடோமீட்டர் எண்ணும் ஒரே படத்தில் விழ வேண்டும். விநோதமான சத்தம் என்றால் வீடியோ. எத்தனை கிலோமீட்டர் தொடர்ந்து ஓட்டிய பிறகு வந்தது, ஏ.சி. ஓடியதா, வெயிலா மழையா என்பதை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு என்றால் மேற்கொண்டு ஓட்டவே கூடாது. அதை மீறி ஓட்டினால் “தொடர்ந்து ஓட்டியதால்தான் இன்ஜின் போனது” என்று வாரண்டியை மறுக்க நாமே காரணம் கொடுத்ததாகும்.

வண்டியை இழுக்க வேண்டி வந்தால் கம்பெனியின் சாலையோர உதவி எண்ணுக்கே பேசுங்கள். அவர்கள் தரும் பதிவு எண்ணை எழுதி வையுங்கள். இரண்டாம் முறை நான் பதற்றத்தில் தனியார் மீட்பு வண்டியை அழைத்து 19,000 ரூபாய் கொடுத்தேன். அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். யார் வந்தாலும் ஆட்டோமேட்டிக் வண்டியை, குறிப்பாக நான்கு சக்கர இயக்கம் உள்ளதை, கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். தட்டையான மேடை உள்ள லாரியில்தான் ஏற்ற வேண்டும்.

2. ஜாப் கார்டில் உங்கள் வாக்கியம் இருக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் முறை போனபோது சர்வீஸ் அட்வைசர் காபி கொடுத்து உட்காரவைத்து, நான் கால் மணி நேரம் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். ஜாப் கார்டில், அதாவது நம் புகாரைப் பணிமனை பதிந்து கையெழுத்து வாங்கும் தாளில், அவர் தட்டச்சு செய்தது இரண்டே சொற்கள்: ‘ஜெனரல் செக்கப்’. நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து, “கியர் கோளாறு என்று நீங்கள் முதன்முதலாகச் சொன்னதே இரண்டாவது முறை வந்தபோதுதான்” என்று அதே பணிமனையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர்கள் காகிதப்படி அது உண்மை!

இப்போது நான் வாசகத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போகிறேன். “150 கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து ஓட்டினால் கியர் மூன்றில் நின்றுவிடுகிறது, எச்சரிக்கை தோன்றுகிறது, அணைத்துப் போட்டால் சரியாகிறது, இன்ன தேதி, இத்தனையாவது கிலோமீட்டரில் நடந்தது.” இதை அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் தாளை இணைத்து அதில் முத்திரை வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் அதே சொற்களைப் பயன்படுத்துங்கள். ஒரு முறை ‘இழுவை இல்லை’, மறுமுறை ‘உதறுகிறது’ என்று மாற்றிச் சொன்னால் அவர்கள் கணக்கில் அவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். ஒரே கோளாறு நான்கு முறை வந்ததாகக் காட்ட முடியாது.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இன்னொரு காகிதம் வேண்டும். வாரண்டியில் செய்த வேலைக்கு பில் கிடையாது என்பார்கள். பூஜ்யம் ரூபாய் பில் கேளுங்கள். எந்த உதிரி பாகம் மாற்றப்பட்டது, அதன் எண், எந்தப் பிழைக் குறியீடு கிடைத்தது, மென்பொருளைப் புதுப்பித்தார்களா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, இரண்டு நாளின் ஓடோமீட்டர் எண்களும் வேண்டும். தராவிட்டால் அன்றிரவே மின்னஞ்சலில் கேளுங்கள்.

அப்புறம் அந்தக் கையெழுத்து. சாவியை நீட்டியபடியே ஒரு தாளை நீட்டுவார்கள். ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சாகியிருக்கும். மாலை ஆறு மணி, வீட்டுக்கு 340 கிலோமீட்டர் போக வேண்டும், யாருக்குப் படிக்கத் தோன்றும்? நான் பிறகு கற்றுக்கொண்ட வழக்கம்: “நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்த பிறகே கோளாறு நீங்கியதா என்று சொல்ல முடியும்” என்று பேனாவால் எழுதி, அதன் கீழே கையெழுத்து. யாரும் தடுத்ததில்லை. முகம் மட்டும் சற்றுக் கோணும்.

3. ‘பழுது எதுவும் தென்படவில்லை’ என்றால்

என் கார் சூடேறினால்தான் அடம்பிடிக்கும். அவர்களோ கிண்டி தொழிற்பேட்டையைச் சுற்றி நான்கு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ‘பழுது இல்லை’ என்று எழுதினார்கள். இரண்டு முறை இப்படியே நடந்தது. இந்த இடத்தில் கோபப்படுவதால் பயனில்லை. எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தீர்கள், எந்த நேரத்தில், யார் ஓட்டினார் என்று எழுத்தில் கேளுங்கள். கோளாறு வரும் அதே சூழலில் உங்களையும் வைத்து ஓட்டிப் பார்க்கக் கோருங்கள்.

மூன்றாம் முறை அப்படி ஒரு தொழில்நுட்பர் என்னுடன் வந்தார். மடியில் லேப்டாப், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையிலிருந்து அதற்கு ஒரு கம்பி. மேல்மருவத்தூர் வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனோம். நண்பகல் வெயில். செங்கல்பட்டுக்கு முன்னால் திரையில் சீராக ஓடிக்கொண்டிருந்த ஒரு கோடு சட்டென்று சரிந்தது; அதே நொடியில் கியர் மாட்டிக்கொண்டது. “வந்துடுச்சு சார்!” என்று மனிதர் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கத்தினார். கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுத் தொகுதி எண்ணெய் சூடானதும் அழுத்தத்தைத் தவறாகக் கணித்தது, அதுதான் கோளாறு. அந்த லேப்டாப் பதிவின் நகல்தான் பிறகு எனக்கு எல்லாவற்றையும் வாங்கித் தந்தது. கேட்டு வாங்குங்கள்.

4. வாரண்டியை மறுக்கச் சொல்லப்படும் காரணங்கள்

எலி. சிரிக்க வேண்டாம். ‘ஒயரை எலி கடித்திருக்கிறது’ என்றால் அது உற்பத்திக் குறை ஆகாது, வாரண்டி கிடையாது. கடித்த இடத்தைக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். அந்த ஒயருக்கும் நீங்கள் சொன்ன கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

எரிபொருள் கலப்படம். பங்க் பில்களையும் யு.பி.ஐ. பதிவுகளையும் வைத்திருங்கள். மாதிரி எடுத்துச் சோதித்தார்களா, அறிக்கை எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வெளியே பொருத்திய டேஷ்கேம், விளக்கு, ஒலிபெருக்கி. இதில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒயரை வெட்டி இணைத்திருந்தால் மின் கோளாறு எதற்கும் உங்களையே காட்டுவார்கள். முதல் ஆண்டு எதையும் வெளியில் பொருத்தாதீர்கள்.

காப்பீடு கைகொடுக்கும் என்றும் நம்ப வேண்டாம். வழக்கமான வாகனக் காப்பீட்டில் இயந்திர, மின் பழுதுகள் சேராது. விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) தொகை முழுவதும் தரும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தாலும், அது வண்டி திருட்டுப் போனால் அல்லது முழுதாக நொறுங்கினால்தான் பயன்படும்.

5. கோப்பு போடுங்கள்

விலைப்பட்டியல், படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (சாலைத் தகுதிச் சான்று), ஆர்.சி., வாரண்டிப் புத்தகம், காப்பீடு, சாலை வரி ரசீது, வங்கிக் கடன் ஒப்பந்தம், எல்லா ஜாப் கார்டுகளும், மின்னஞ்சல்களும். படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும்; உடனே பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் கேள்வி கேளுங்கள்.

தொலைபேசியில் யார் எதைச் சொன்னாலும், “இன்று பகல் நீங்கள் கூறியபடி...” என்று தொடங்கி அன்றிரவே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். படங்களும் வீடியோக்களும் எடுத்த கைபேசியை விற்றுவிடாதீர்கள். வழக்கு என்று வந்தால் மின்னணுச் சான்றுகளுக்குப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும்.

கடன் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள். வண்டி ஓடாததற்கு வங்கி பொறுப்பில்லை. கெடப்போவது உங்கள் சிபில் மதிப்பெண்.

6. எழுத்துப் படிக்கட்டு

இரண்டாம் முறையும் அதே கோளாறு வந்தால் சர்வீஸ் அட்வைசரோடு பேசுவதை நிறுத்தி, டீலரின் சர்வீஸ் மேலாளருக்கு எழுதுங்கள். ஏழு நாள் கெடு. அடுத்து, கம்பெனியின் இந்தியத் தலைமையகத்துக்கு, டீலருக்கும் நகல். பதினைந்து நாள் கெடு. மூன்று பத்திகளுக்கு மேல் வேண்டாம். ‘குடும்பமே மன உளைச்சலில் இருக்கிறது’ என்பதைவிட ‘142 நாளில் 37 நாள் பணிமனையில்’ என்ற கணக்குக்கு அங்கே மதிப்பு அதிகம்.

எடுத்த எடுப்பில் ‘வண்டியை மாற்றிக் கொடு’ என்று கேட்டால் கோப்பு சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அதன் பிறகு பணிமனையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் நான்கு விஷயம் கேட்டேன்: கோளாறின் காரணம் எழுத்தில், பாகத்தைப் பழுதுபார்க்காமல் புதிதாக மாற்றுவது, அதுவரை மாற்று வண்டி, வாரண்டி நீட்டிப்பு. நான்கும் கிடைத்தன, மாற்று வண்டி மட்டும் மூன்று நிலை சிறியது.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் கிடையாது. அவர்களால் உத்தரவு போட முடியாது; கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பெரிய கம்பெனிகள் அதற்குப் பதில் சொல்கின்றன. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் போலப் பாதுகாப்பு சார்ந்த கோளாறு என்றால், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் உள்ள வாகனத் திரும்பப்பெறுதல் பிரிவிலும் புகாரைப் பதியுங்கள்.

7. நோட்டீஸ், ஆணையம்: செலவும் காலமும்

வழக்கறிஞர் நோட்டீஸுக்கு எனக்கு ஆன செலவு 6,000 ரூபாய். டீலர், கம்பெனி இருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இருவரையும் சேர்ப்பது முக்கியம். 2009இல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடியிருந்த காரை 2011இல் புதிய மாடல் என்று கோவாவில் ஒருவருக்கு விற்ற வழக்கில், டீலர் செய்ததற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க 2021இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. யார் செய்த தவறு என்று நாம் முன்கூட்டியே முடிவு கட்டக் கூடாது.

நோட்டீஸுக்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து எங்கே போவது என்று முடிவாகும்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். கட்டணம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு: 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய், 50 லட்சம் முதல் 1 கோடி வரை 2,000, 1 முதல் 2 கோடி வரை 2,500. நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்தே வழக்குப் போடலாம். டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் இவ்வளவு விலையுள்ள காருக்கு எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞரோடு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாரண்டி மூன்று ஆண்டு இருக்கிறதே என்று பணிமனைக்கே அலைந்துகொண்டிருப்பார்கள்; உரிமை காலாவதியாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு வாதிடும். முதல் ஜாப் கார்டு தேதியிலிருந்து எண்ணிக்கொள்வது பத்திரம்.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் அவகாசம் கிடைக்கலாம். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும், இல்லையென்றால் மூன்று மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஆண்டுக்கணக்கு. உற்பத்திக் குறை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் நம் மேல் விழும் என்பதால், நடுநிலையான நிபுணர் பரிசோதனை வேண்டும் என்று தொடக்கத்திலேயே மனுப் போடுங்கள். அதுவரை வெளி மெக்கானிக் யாரையும் வண்டியில் கைவைக்க விடாதீர்கள்.

கம்பெனி பெயரில் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘வணிக நோக்கம்’ என்று சொல்லி வழக்கைத் தள்ளப் பார்ப்பார்கள். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு நிறுவனம் வாங்கிய கார் வணிக நோக்கத்தில் சேராது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு மெர்சிடிஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. வாடகைக்கு ஓட்டினால் கதை வேறு.

8. எதைக் கேட்பது, எதில் நிற்பது

கிளட்ச் கோளாறு பற்றிய பழைய வழக்கு ஒன்றில், வாரண்டி பாகத்தை மாற்றித் தரத்தான் சொல்கிறது, முழு வண்டியை மாற்ற அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே புது வண்டியோ முழுப் பணமோ வேண்டுமென்றால், சரிசெய்ய முடியாத குறை என்று காட்டியாக வேண்டும்.

இன்னொரு வழக்கு, பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ். 2009 செப்டம்பர் 25 அன்று வாங்கியது, நான்காம் நாளே கோளாறு. 2012இல் உயர் நீதிமன்றம் புதிய வண்டி கொடுக்கச் சொன்னது. கம்பெனியும் கொடுக்க முன்வந்தது. வாங்கியவர் வட்டியோடு பணம்தான் வேண்டும் என்றார். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடிக்கச் சொன்னது. இடையில் ஓடியது ஏறத்தாழ பதினைந்து ஆண்டு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் 2012இல் சாவியை வாங்கியிருப்பேன்.

பணம் திரும்பக் கேட்பவர்கள் வண்டி விலையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். என் வண்டிக்கு 12.8 லட்சம். காப்பீடு, கடன் வட்டி, இழுவைச் செலவு, மாற்று வண்டி வாடகை எல்லாவற்றையும் தனித்தனி வரியாகக் கோருங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு டீலர் விற்கும்போதே பிடிக்கும் 1 சதவீத வருமான வரியான டி.சி.எஸ். மட்டும் இதில் வேண்டாம்; அதை வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

9. இன்னும் வண்டி எடுக்காதவர்களுக்கு

பதிவுக்கு முன்பே கிடங்குக்குப் போய் வண்டியைப் பாருங்கள். அடிச்சட்ட எண்ணை விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, கொஞ்ச தூரமாவது ஓட்டி, எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி, வண்ணப்பூச்சைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதற்குப் பிறகு மீதிப் பணம். உங்கள் பெயரில் பதிவான அந்த நிமிடமே அது டீலருக்குப் பழைய வண்டி. அதன் பிறகு எதையும் எளிதில் மாற்றித் தர மாட்டார்கள். நல்ல நாள் தப்பிவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். அடுத்த முகூர்த்தம் வரட்டும் என்று சொல்லுங்கள்.

10. சமரசக் கடிதம்

நான் ஆணையம் வரை போகவில்லை. நோட்டீஸ் போன பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். கட்டுப்பாட்டுத் தொகுதி முழுதும் புதியது, இரண்டு ஆண்டு கூடுதல் வாரண்டி. வண்டி எடுக்கப் போனபோது ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினார்கள். அதில் நான்காவது வரி: ‘இந்த வாகனம் தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்.’ இதில் கையெழுத்திட்டால் நாளை பிரேக் போனாலும் கேட்க முடியாது என்று வாதிட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ‘மேற்சொன்ன கியர்பாக்ஸ் கோளாறுக்காக இன்று வரையிலான செலவு தொடர்பாக மட்டும்’ என்று திருத்தினேன். மேலாளர் யாருக்கோ போன் செய்தார், வெளியே போனார், திரும்பி வந்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. திருத்தத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்து, டீலர் முத்திரை, எனக்கு ஒரு நகல். நகலைக் கோப்பில் போட்ட பிறகுதான் சாவியை வாங்கினேன்.